தட்டணு தானம், டர்பன்: அந்த நாற்காலியில் ஒன்றரை மணி நேரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தட்டணு (பிளேட்லெட்) தானம் செய்யப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம், கழிப்பறைக்குப் போய்விட்டு வருவது. கிண்டல் இல்லை. ஊசி ஏறிவிட்டால் ஒன்றரை மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே, நாற்காலியை விட்டு எழ முடியாது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று வேறு சொல்லி அனுப்பியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் வாத்தியார். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 56 நாளுக்கு ஒரு தடவை முழு ரத்தம் கொடுக்கிற வழக்கம் ரொம்ப நாளாக உண்டு. அப்படிப் போய்வந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் ரத்த சேவையிலிருந்து போன் வந்தது: “உங்கள் தட்டணு எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, தட்டணு மட்டும் தனியாகக் கொடுக்க வருவீர்களா?” வீட்டில் கேட்டேன். “அதான் டெங்கு வந்தா குறையுமே, அதுதானே?” என்றாள் மனைவி. அதேதான். தமிழ்நாட்டில் பிளேட்லெட் என்ற பெயர் எல்லோருக்கும் தெரிந்ததே டெங்குவால்தான். பப்பாளி இலைச் சாறு பற்றி அன்றைக்கே ஊரிலிருந்து மூன்று வாட்ஸ்அப் வந்துவிட்டது. எனக்கு டெங்கு இல்லை, கொடுக்கத்தான் போகிறேன் என்று பதில் போட்டேன். நம்பவில்லை.

சேவையைப் பற்றி இரண்டு வரி. தென்னாப்பிரிக்க தேசிய ரத்த சேவை 2001இல், வட்டாரம் வட்டாரமாகக் கிடந்த பழைய சேவைகள் பலவற்றை ஒன்றாக்கி உருவானது. எட்டு மாகாணங்களைப் பார்த்துக்கொள்கிறது. ரத்தம் கொடுப்பவருக்குக் காசு கிடையாது. வருகிற ரத்தத்தை ஒவ்வொரு பையாகத் தனித்தனியே, கிருமியின் மரபணுவைத் தேடும் முறையில் சோதிக்கும் ஏற்பாட்டை 2005லேயே கொண்டுவந்துவிட்டார்கள். எச்.ஐ.வி. அதிகம் உள்ள நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. நான் போவது ஒரு மாலுக்குள் இருக்கும் மையம். உள்ளே சுத்தம், வெளிச்சம், ஏசி கொஞ்சம் தாராளம். முழுக்கைச் சட்டை வேண்டாம். ஒரு சால்வை எடுத்துப் போங்கள். உடம்பிலிருந்து வெளியே போய்வரும் ரத்தம் லேசாக ஆறித்தான் திரும்புகிறது, குளிர் அடிக்கும்.

வந்தவுடன் கேள்வித்தாள். விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், எடை. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஊருக்குப் போய் வந்திருந்தால் எங்கே, எப்போது என்று கேட்பார்கள், மலேரியாவுக்காக. இன்னொன்று, உடம்பில் துளை போட்டது பற்றிய கேள்வி. தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் “அது சாமி காரியம், கணக்கில்லை” என்று விட்டுவிடக் கூடாது. ஊசிக்கு சாமி தெரியாது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு ரத்தத்தில் சில எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கக்கூடும் என்பதால் பல ரத்த வங்கிகள் தட்டணுவுக்கு அவர்களைக் கூடுதலாகச் சோதித்தே எடுக்கும். என் மனைவி முழு ரத்தத்தோடு நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அந்த நாற்காலியில் சும்மா உட்காரப் பொறுமையும் இல்லை.

அப்புறம் மாத்திரைக் கேள்வி. அன்றைக்கு எனக்கு முன்னால் இருந்தவர் நல்ல வாட்டசாட்டமான ஆள், காலணியில் சிமென்ட். சிஸ்டர் (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) கேட்டார்.

“இந்த வாரம் ஆஸ்பிரின் எடுத்தீர்களா?”

“இல்லை.”

“டிஸ்பிரின்?”

“இல்லை.”

“கிராண்ட்பா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அது நேற்று ராத்திரி. தலைவலி. அது ஆஸ்பிரின் இல்லையே, சிஸ்டர்?”

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு கிராண்ட்பா தலைவலிப் பொடியைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் ஒற்றைப் பொட்டலமாகக் கிடைக்கும். நாக்கில் கொட்டி மேலே கோக் ஊற்றி விழுங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபீன். சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. இன்றைக்கு முழு ரத்தம் கொடுங்கள், தட்டணுவுக்கு சில நாள் கழித்து வாருங்கள் என்று சிரித்தபடியே அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார். வேலை தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. ‘ஆஸ்பிரின்’ என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த ஆள் உட்கார்ந்திருப்பார், தட்டணுவும் போயிருக்கும். ஆனால் பாதி செவிடான தட்டணு.

செவிடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், தட்டணுவின் பிழைப்பே செய்தி கேட்பதும் செய்தி சொல்வதும்தான். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல் ஒன்று உதிர்த்துவிடும் துணுக்கு அது. உட்கரு கிடையாது. ஏழிலிருந்து பத்து நாள் ஆயுசு. 1882இல் இத்தாலியரான பிட்சொசெரோ இதை நுண்ணோக்கியில் அடையாளம் கண்டு, ரத்தக்கசிவை அடைக்கிற வேலை இதனுடையது என்று சொன்னார். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். இத்தனையும் நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் தட்டையாக மிதந்துகொண்டிருக்கின்றன. எங்காவது ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்தால் அடுத்த சில நொடிகளில் அங்கே போய் ஒட்டி, முள் முள்ளாக உருமாறி, தங்களுக்குள் கோத்துக்கொண்டு ஓட்டையை அடைக்க வேண்டும். கிழிசல் இல்லாத இடத்தில் அதே காரியத்தைச் செய்துவிட்டால் மாரடைப்பு, பக்கவாதம். ஆக எப்போது விழிப்பது என்பதுதான் எல்லாம்.

முதல் செய்தி கிழிந்த சுவரிலிருந்து வருகிறது. உள்ளே மறைந்திருந்த கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரிகிறது. ரத்தத்தில் மிதக்கும் வான் வில்லபிராண்ட் காரணி என்ற நீளப் புரதம் அதன்மேல் ஒட்டி, ஓட்டத்தின் இழுப்பில் விரிகிறது. விரிந்த அந்தப் புரதத்தை தட்டணுவின் மேலுள்ள ஜி.பி.-1பி என்ற ஏற்பி (செய்தி வாங்கும் புரதம்) பிடிக்கிறது. பாய்ந்து போய்க்கொண்டிருந்த தட்டணு வேகம் குறைந்து உருள ஆரம்பிக்கிறது. அப்போது ஜி.பி.-6 என்ற இன்னொரு ஏற்பி நேரடியாகக் கொலாஜனைத் தொட்டுப் பார்க்கிறது. தொட்டவுடன் உள்ளே ‘சிக்’ என்ற புரதம் எழும்பி, அது பாஸ்போலைபேஸ் என்ற நொதியை எழுப்பி, தட்டணு உள்ளே பதுக்கி வைத்திருக்கும் கால்சியம் அவிழ்த்து விடப்படுகிறது. அந்தக் கால்சியம் ஏறியதும் தட்டணு விழித்தாயிற்று.

விழித்த தட்டணு தனியாக வேலை பார்க்காது. நம் தெருவில் ஒரு ஆயாவுக்கு விஷயம் தெரிந்தால் அரை மணியில் எங்கள் பேட்டை சாட்ஸ்வொர்த் முழுக்கத் தெரிகிற கதைதான். அது ஏ.டி.பி. என்ற செய்திப் பொருளைக் கொட்டுகிறது, பக்கத்தில் போகிற தட்டணுக்கள் பி2ஒய்1, பி2ஒய்12 என்ற இரண்டு ஏற்பிகளால் அதைக் கேட்கின்றன. கூடவே த்ராம்பாக்சேன் ஏ2 என்ற பொருளையும் அங்கேயே தயாரித்து வெளியே விடுகிறது. இதற்கிடையே ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதி உருவாகி, தட்டணுவின் பார்-1, பார்-4 ஏற்பிகளின் நுனியை வெட்டி இன்னும் பலமாகத் தட்டி எழுப்புகிறது. கடைசியில் எல்லாச் செய்தியும் ஓர் இடத்துக்கு வந்து சேரும்: ராப்-1, டேலின் என்ற உள்புரதங்கள் வழியாக ஆல்ஃபா-2பி பீட்டா-3 என்ற பிடிப்புப் புரதம் திறந்துகொள்கிறது. ஒரு தட்டணுவின் மேல் இது சுமார் 80,000 இருக்கும். இரண்டு தட்டணுக்களுக்கு நடுவே ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் வந்து உட்கார, ரத்தக் கட்டி உருவாக ஆரம்பிக்கிறது. இந்தப் பிடிப்புப் புரதம் பிறவியிலேயே கோளாறாக இருப்பவர்களை 1918இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன் விவரித்தார். எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ரத்தம் மட்டும் நிற்காது. எண்ணிக்கை ஒன்றையே பிடித்துக்கொண்டு “எவ்வளவு ஏறிச்சு, எவ்வளவு எறங்கிச்சு” என்று கேட்கிற நமக்கு அது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

கிராண்ட்பா ஆள் மாட்டியது த்ராம்பாக்சேனில். அதைத் தயாரிக்க தட்டணுவுக்கு காக்ஸ்-1 என்ற நொதி வேண்டும். ஆஸ்பிரின் போய் அந்த நொதியின் வாயில் நிரந்தரமாக ஒரு துண்டை ஒட்டிவிடுகிறது. மற்ற செல்களாக இருந்தால் புது நொதி செய்துகொள்ளும். உட்கரு இல்லாத தட்டணுவுக்கு அந்த வசதி இல்லை, சாகும்வரை அப்படியே. ஆஸ்பிரின் இந்தப் பக்கமாகத்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். த்ராம்பாக்சேனை ஸ்டாக்ஹோமில் சாமுவேல்சன் குழு 1975இல் கண்டுபிடித்தது. இரண்டு பேரும் பெர்க்ஸ்ட்ரோமும் 1982இல் நோபல் வாங்கினார்கள். கொடுப்பவர் உடம்பில் தினமும் புதுத் தட்டணு வந்து கலந்துகொண்டே இருக்கும், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகாது. வாங்குகிற நோயாளிக்கு எண்ணிக்கை 10,000க்குக் கீழே போயிருக்கலாம். அவரிடம் உள்ளது எல்லாம் அந்தப் பையிலிருந்து வந்ததுதான். அதனால்தான் சிஸ்டரின் மூன்றாவது கேள்வி.

தஞ்சாவூரில் என் அப்பா இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்ததே இந்தச் செவிட்டுத்தனம்தான்: சின்ன அளவு ஆஸ்பிரின், கூடவே க்ளோபிடோக்ரெல். க்ளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறி, பி2ஒய்12 ஏற்பியைப் பூட்டிவிடும். ஏ.டி.பி. எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்காது. சிலருக்குக் கல்லீரலில் அதை மாற்றும் நொதி மந்தம்; ஆசியர்களில் இது கூடுதலாகவே உண்டு. அவர்களுக்கு வேறு மருந்து எழுதுவார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இப்படி மாத்திரை எழுதி வாங்கியவர்கள், ரத்தம் கொடுக்க ஆசைப்பட்டு அதை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் கட்டி உட்கார்ந்தால் புண்ணியம் எல்லாம் ஆஸ்பத்திரி பில்லில் போய்விடும்.

சரி, நாற்காலிக்கு வருவோம்.

சாய்வு நாற்காலி நல்ல வசதி, கால் நீட்டலாம். பக்கத்தில் சின்ன அலமாரி அளவுக்கு எந்திரம். ஒரே ஊசிதான், ஒரே கையில். முதலில் வரும் கொஞ்ச ரத்தத்தைத் தனிச் சின்னப் பையில் ஒதுக்கிச் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தோலில் ஒட்டியிருந்த கிருமி ஏதாவது ஊசியோடு வந்திருந்தாலும் அதுவும் அங்கேயே போய்விடும். அப்புறம் எந்திரம் ரத்தத்தை இழுத்து, சுழற்றி, எடைவாரியாகப் பிரித்து, தட்டணுவையும் கொஞ்சம் பிளாஸ்மாவையும் பிடித்துக்கொண்டு சிவப்பு அணுக்களைத் திருப்பித் தருகிறது. இழுக்கும்போது கைப்பட்டை இறுகும், பந்தை அமுக்க வேண்டும். திரும்பும்போது தளரும், சும்மா இருக்கலாம். இப்படியே இழுப்பு, திருப்பு, இழுப்பு, திருப்பு. வலி என்று பார்த்தால் ஊசி ஏறுகிற அந்தக் கணம்தான். சலிப்புதான் பெரிய வலி. ஒரு கையால்தான் போனைப் பிடிக்க முடியும், அதனால் வாசிக்க ஏதாவது கொண்டு போவதைவிடக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது உத்தமம். சுவர் டிவியில் ஓடியது ஏதோ சமையல் போட்டி. பட்டினியோடு உட்காருகிறவர்களுக்கு அது கொடுமை.

இரண்டாவது சுற்றிலோ மூன்றாவதிலோ உதடு விறுவிறுக்கும். நாக்கில் ஓர் உலோகச் சுவை. பயப்படாதீர்கள், ஆனால் சொல்லாமலும் இருக்காதீர்கள். சொன்னவுடன் சிஸ்டர் எந்திரத்தில் திருப்பும் வேகத்தைக் குறைத்து, மெல்லுகிற கால்சியம் மாத்திரை கொடுத்தார். சுண்ணாம்பு வாடையோடு ஒரு பழச்சுவை. சில நிமிடத்தில் சரியாயிற்று.

இந்த விறுவிறுப்புக்குக் காரணம் சிட்ரேட். ரத்தம் குழாயை விட்டு பிளாஸ்டிக்குக்குள் வந்தவுடன் உறைய ஆரம்பிக்கும். பிளாஸ்டிக்கும் அதற்கு அந்நியம்தான். அதனால் ஊசிக்குப் பக்கத்திலேயே சிட்ரேட் சொட்டுச் சொட்டாகக் கலக்கிறது. அது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். உறைதல் காரணிகளுக்குத் தட்டணுவின் மேல்தோலில் போய் உட்காரக் கால்சியம் வேண்டும். அது இல்லாமல் த்ராம்பின் உருவாகாது. தட்டணுக்கள் ஃபைப்ரினோஜனைப் பிடித்துக் கோத்துக்கொள்ளவும் வெளியே கால்சியம் வேண்டும். இரண்டும் நின்றுவிட்டால் குழாய்க்குள் கட்டி விழாது. திருப்பி வரும் ரத்தத்தோடு அந்த சிட்ரேட்டில் ஒரு பங்கு நமக்குள்ளும் வந்து, நம்முடைய கால்சியத்தையும் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கிறது. நரம்புகள் அதை உதட்டில் சொல்கின்றன. கல்லீரல் சிட்ரேட்டை உடைத்துப் போட்டதும் கதை முடிந்தது. முந்தின நாளும் அன்றைக்கும் பால், தயிர் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தயிர் சாதம் சாப்பிட ஒரு மருத்துவக் காரணம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

நான் வாத்தியார் என்று தெரிந்ததும் சிஸ்டர் ஒரு காரியம் செய்தார், அதற்காகவே இந்த இடத்துக்குக் கூட ஒரு மார்க் போடலாம். முடிந்ததும் பையைக் கையில் எடுத்து, ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, மெதுவாகத் திருப்பினார். “ரத்தம்” என்று எதிர்பார்த்துப் பார்த்தால் ஏமாற்றம். வைக்கோல் நிறத்தில் ஒரு மங்கல் திரவம். திருப்பத் திருப்ப அதற்குள் பட்டு மினுங்குவதுபோல் அலை அலையாக ஓர் ஒளி ஓடியது. “பார்த்தீர்களா, தூங்குகிறார்கள்” என்றார்.

அந்த மினுக்கம் தட்டணுவின் தட்டை வடிவத்தால் வருவது. ஓரத்தைச் சுற்றி நுண்குழல் வளையம் ஒன்று அதைத் தட்டு மாதிரியே பிடித்துவைத்திருக்கிறது. லட்சோபலட்சம் தட்டுகள் ஓட்டத்தில் ஒரே பக்கமாகத் திரும்பும்போது வெளிச்சம் அப்படி ஓடும். விழித்துவிட்டால் உருண்டு முள்ளாகிவிடும்; பையைத் திருப்பினால் வெறும் மங்கல்தான் தெரியும், மினுக்கம் போய்விடும். எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு விளக்கு வெளிச்சத்தில், உள்ளே செய்தி போயிருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை. இத்தனை வருஷம் வகுப்பில் படம் வரைந்து காட்டியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பையை அடுத்து வைத்தது ஃப்ரிட்ஜில் அல்ல. மெதுவாக இப்படியும் அப்படியும் ஆடுகிற தட்டுகள் உள்ள ஒரு பெட்டி, 20லிருந்து 24 டிகிரி. டர்பன் பிப்ரவரியில் அதுவே குளுகுளு. சிவப்பு அணுக்களை 4 டிகிரியில் வாரக்கணக்கில் வைப்பார்கள். தட்டணுவைக் குளிரில் வைத்தால் அதன் மேலுள்ள ஜி.பி.-1பி ஏற்பிகள் ஒன்றாகக் குவிந்து, அதன் சர்க்கரை நுனிகள் உதிர்ந்து, நோயாளி உடம்பில் ஏற்றியதும் கல்லீரல் அதைப் பழைய சரக்கு என்று பிடித்து அப்புறப்படுத்திவிடும். ஆட்டுவது எதற்கு என்றால், தட்டணு உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பையின் பிளாஸ்டிக் வழியாகக் காற்று போய்வர வேண்டும். ஆட்டாமல் விட்டால் புளித்துப்போகும். இந்த வெப்பத்தில் கிருமியும் வளரும் என்பதால் பொதுவாக ஐந்து நாள்தான் கெடு. லோட்ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஜெனரேட்டர் இருக்கிறதாம். இந்த ஊரில் இதைக் கேட்காமல் எந்தச் சேவையையும் மதிப்பிட முடியாது.

இங்கே எனக்குப் புரிந்தது இதுதான். உடம்புக்குள் தட்டணுவைத் தூங்கவைப்பது குழாயின் உள்சுவர். அந்தச் செல்கள் ப்ராஸ்டசைக்ளினையும் நைட்ரிக் ஆக்சைடையும் சுரந்து, “ஒன்றும் இல்லை, போ” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி கேட்கிறவரை தட்டணுவுக்குள் கால்சியம் ஏறாது. சுவரின் மேலேயே சிடி39 என்ற நொதி உட்கார்ந்து, வழியில் சிந்திய ஏ.டி.பி.யை உடைத்துப் போட்டுவிடுகிறது. பைக்குள் சுவர் இல்லை. சொல்ல ஆள் இல்லை. அதனால் சுவர் செய்த வேலையை வெளியே இவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள்: சிட்ரேட் ஒரு பங்கு, அறை வெப்பம் ஒரு பங்கு, ஆடுகிற தட்டு ஒரு பங்கு, ஊசியை ஒரே குத்தில் சுத்தமாக ஏற்றுகிற சிஸ்டரின் கை ஒரு பங்கு. தடவித் தடவிக் குத்தினால் குழாய்ச் சுவர் கிழிந்து கொலாஜன் தெரிந்துவிடும், அப்புறம் ஊசி முனையிலேயே கட்டி விழும். என் கையில் நரம்பு ஆழம். சில இடங்களில், பெயர் வேண்டாம், சாதாரண ரத்தப் பரிசோதனைக்கே இரண்டு கையும் நீலமாகித் திரும்பியிருக்கிறேன். இங்கே ஒரு குத்து.

கொடுத்தபின் நமக்குக் குறைந்துவிடாதா என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டார். எண்பதைத் தாண்டியவர், கப்பலில் வந்தவர்களின் பேத்தி. “ஏன் தம்பி, அவ்ளோ எடுத்துட்டா ஒனக்கு?” எடுப்பது எவ்வளவு என்று நான் சொன்னதும் இன்னும் பயந்துவிட்டார்: ஒரு பைக்கு 20,000 கோடிக்கு மேல். ஆனால் உடம்பு ஒரு நாளைக்கே சுமார் 10,000 கோடி தயாரிக்கிறது. இதற்கும் ஒரு செய்திப் புரதம் இருக்கிறது, த்ராம்போபாய்டின். பெரும்பாலும் கல்லீரல் சுரப்பது. ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்களே அதைப் பிடித்து விழுங்கிவிடும். தட்டணு குறைந்தால் விழுங்க ஆள் குறைவு. மிச்சம் உள்ளது மஜ்ஜைக்குப் போய், இன்னும் செய் என்று சொல்லும். ஆட்கள் பெருகினால் அதுவே அடங்கிவிடும். மேலதிகாரி யாரும் வேண்டியதில்லாத இந்த ஏற்பாட்டை நான் பாடத்தில் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆயா மட்டும் “நல்ல புத்திசாலித்தனமா வெச்சிருக்கான்” என்றார். யார் வைத்தது என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு, அதை அன்றைக்கு எடுக்கவில்லை. சில நாளில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். எனக்கு அன்று மாலை லேசான அசதி, அவ்வளவுதான்.

சாப்பாடு. முந்தின இரவும் அன்று காலையும் எண்ணெய், கொழுப்பு வேண்டாம் என்பார்கள். காரணம் உண்மையானது: கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் பிளாஸ்மா பால் மாதிரி கலங்கிவிடும், பையைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். டர்பனில் வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) சாப்பிட்டுவிட்டு சனிக்கிழமை காலை போய் உட்காராதீர்கள். இட்லி போதும். முடித்தபின் அவர்கள் தரும் ஜூஸும் பிஸ்கட்டும் எல்லா ஊரிலும் உள்ளதுதான். அதற்கப்புறம் நான் மாலிலிருந்து வெளியே வந்து, கால் ரொட்டிக்கு பீன்ஸ் பன்னி சௌ வாங்கி இடது கையால் சாப்பிட்டேன். வலது கையில் கட்டு, மடக்கக் கூடாது. ரொட்டியின் மேல் மூடித் துண்டைப் பிய்த்துக் குழம்பில் தோய்க்கவே இரண்டு கை வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஊசி இடது கையில் போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் பார்க்கிறார்கள்.

குறை? மையத்தில் இல்லை, அது இருக்கும் மாலில். கார் நிறுத்த முதல் கொஞ்ச நேரம்தான் இலவசம். பதிவு, சோதனை, ஊசி, ஓய்வு எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, வெளியே வரும்போது எந்திரம் காசு கேட்கிறது. காசு கொடுக்காமல் ரத்தம் வாங்குகிற நாட்டில், ரத்தம் கொடுக்க நான் காசு கொடுத்தேன். சீட்டை உள்ளே காட்டினால் முத்திரை குத்தித் தருவார்களா என்று மால் ஆட்களிடம் கேட்டேன். கேட்ட ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐந்துக்கு நாலரை போடுகிறேன். வெட்டிய அரை மார்க் முழுக்க அந்தக் கார் நிறுத்துமிடத்துக்கு.

நேரடியாகப் போய் நின்றால் தட்டணு எடுக்க மாட்டார்கள். முதலில் முழு ரத்தம் கொடுத்துப் பழகியிருக்க வேண்டும், எண்ணிக்கையும் கை நரம்பும் பார்த்துவிட்டுத்தான் நேரம் ஒதுக்குவார்கள். எல்லா மையத்திலும் இந்த எந்திரம் இல்லை, போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். முழு ரத்தத்துக்கு 16 வயதும் 50 கிலோவும் இருந்தால் போதும். முழு ரத்தத்திலிருந்தும் தட்டணு பிரிப்பார்கள், நான்கைந்து பேருடையதைச் சேர்த்தால் ஒரு நோயாளிக்கு ஆகும். என் வகுப்புப் பிள்ளைகளில் வயது வந்தவர்களிடம் அதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். கேப்டவுன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த விவரம் முழுதாகப் பொருந்தாது; வெஸ்டர்ன் கேப் மாகாணத்துக்குத் தனி ரத்த சேவை, அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.